சேக்காம வுட்ட குதிரக் காசு

மெட்ராஸ்லேந்து காஞ்சிபுரம் போற பஸ்ஸுல எனக்கு ஜன்னலோரம் எடம் குடுத்தாங்க. வயசானவளுக்கு மரியாத பண்றாங்கன்னு நெனச்சேன். அப்பால தான் தெரிஞ்சுது, அந்த ஜன்னலுக்குக் கண்ணாடி இல்ல. மழ பேஞ்சா மொத்தமும் அந்த சீட்டுக்குத் தான். பூந்தமல்லி தாண்டனதும் பேஞ்சுது. பக்கத்துல குந்தினு இருந்த பொம்பள, "எங்கேந்தும்மா வர்ற?"ன்னா. பினாங்குலேந்துன்னேன். "கடல் தாண்டி வந்து கவர்மெண்டு பஸ்ஸுல நனையறியே"ன்னா. எனக்கு அவள ரொம்பப் புடிச்சிப் போச்சு.

பினாங்குலயும் மழ தான். ஆனா அங்க மழ கடங்காரன் மாதிரி, வரும், கத்தும், போயிடும். இங்க ஐப்பசி மழ எழவு வூட்டுக்கு வந்த ஒறம்பர. வந்துச்சுன்னா குந்திக்கும். கெளம்பாது.

சேல வாங்கப் போறேன்னு என் மருமவளாண்ட சொல்லிட்டுக் கப்பலேறினேன். அது பாதி நெசம். மீதிப் பாதி என் பையில இருந்துச்சு. ஒரு சட்ட, ஒரு சீப்பு, ஒரு ஓட்டக் காலணா. மூணும் ஆறுமுகத்தோடது. பினாங்கு தொறமுகத்தாண்ட எனக்கு ஒரு ஆப்பக் கட. அங்க மூட்ட தூக்கிக்கினு, என் கடையில சாப்ட்டுக்கினு, என் பின்கட்டு ரூம்புல படுத்துக்கினு இருந்தவன். பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரன் புள்ள. மீச மொளைக்கறதுக்கு முன்னாடி அப்பன் கூட சண்ட போட்டுக்கினு கப்பலேறினவன், தல நரைச்சிட்டும் ஊருக்குப் போவல. "கையில ஒண்ணும் இல்லாம எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போவேன் ஆயா"ம்பான். உனக்கு இருக்கறது ஒரே மூஞ்சி தானேடா, அதையே வெச்சிக்கினு போன்னு நானும் சொல்லிப் பாத்தேன். நெஞ்சு சளி கட்டிக்கினு இருமி இருமி, என் ரூம்புலயே போயிட்டான்.

போறதுக்கு முன்னாடி சொன்னான். "கடுதாசி வாணாம் ஆயா, தந்தியும் வாணாம். எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தெருவுல எவனாவது படிச்சிக் காட்டுவான். நீ போய்ச் சொல்லு. நீ சொன்னா எழவுச் சேதி கூட கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியா இருக்கும்." எங்கப்பன் எனக்கு சீதனமா குடுத்த வாயி, கடைசியில இந்த வேலைக்குத் தான் ஆச்சு.

இன்னொண்ணும் சொல்லிடறேன். நான் காசு சேக்கறவ. செலவு பண்ற காசு இல்ல, பாக்கற காசு. கப்பல்காரன் ஆப்பம் தின்னுட்டு எந்த ஊரு காசக் குடுத்தாலும் வாங்கிப்பேன். ஒரு பிஸ்கோத்து டப்பா நெறய வெச்சிருக்கறேன். எனக்கு எழுத்து தெரியாது, மூஞ்சி தெரியும். தாடி ராஜா, மொட்ட ராஜா, கழுத்து நீண்ட ராணி, மீனு, தென்ன மரம். ஒண்ணே ஒண்ணு தான் கெடைக்கல. வெள்ளக்காரன் போனப்புறம் நம்ம ஊர்ல குதிர போட்ட காலணா அடிச்சாங்க. செப்புல, சின்னதா, கால தூக்கினு ஓடற குதிர. மெட்ராஸ்காரன் ஒர்த்தன் சொல்லிட்டுப் போனான், அதுலேந்து தேடறேன். கப்பல்ல ரூவா வரும். காலணாவ எவன் கடல் தாண்டித் தூக்கினு வருவான்?

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுல எறங்கி ஜட்கா புடிச்சேன். மொதல்ல கெடச்ச குதிர இது தான். கம்மாளத் தெரு மொனையில நின்னுச்சு பாரு, அசையல. ஜட்காக்காரன் எறங்கி அதும் காதாண்ட எதோ சொன்னான். அது தலய ஆட்டுச்சு, காலு நவுரல. "இன்னாப்பா சொல்லுது?"ன்னேன். "சவாரி கனமாக்குதுன்னுது"ன்னான். நான் கனமில்லப்பா, நான் கொண்டாந்திருக்கற சேதி தான் கனம்னு மனசுக்குள்ள சொல்லிக்கினு எறங்கி நடந்தேன். முழுக் கூலியும் வாங்கினு தான் வுட்டான்.

பிள்ளையார்பாளையம் தெருவுக்குள்ள பூந்தா, வூட்டுக்கு வூடு டக்கு டக்குன்னு தறிச் சத்தம். பினாங்குல எங்க தெருவுல இந்நேரம் சட்டி தட்டற சத்தம் கேக்கும். சத்தம் ஒண்ணு தான், வாசன தான் வேற. இங்க ஈரப் பட்டு நாத்தம், சாயத் தண்ணி நாத்தம்.

ஆறுமுகத்தோட அம்மா பேரு குப்பம்மா. வத்தலா, நெட்டையா, இடுப்புல சேலய தூக்கிச் சொருவிக்கினு வந்தா. பினாங்குன்னு நான் சொன்னதும் நெலவாசக் கட்டய புடிச்சிக்கினா.

"எங்க ஆறுமுகத்தத் தெரியுமா ஒனுக்கு?"

"தெரியாம? என் கடை ஆப்பத்துல பாதி அவன் வயித்துல தான்."

"நல்லா சாப்புடுவானா?"

"தேங்காப் பால் ஊத்தினா ஊத்திக்கினே இருக்கணும். கையக் குறுக்க வெச்சி வாணாம்னு சொன்னதே இல்ல."

குப்பம்மா சிரிச்சா. புள்ளைக்கும் அம்மாவுக்கும் ஒரே சிரிப்பு, ஒரு பக்கமா. "தண்ணி குடும்மா"ன்னேன். குடிச்சேன். அப்பால உப்புமா வந்துச்சு, காப்பி வந்துச்சு. ஒவ்வொண்ணா உள்ள போச்சு, சேதி மட்டும் வெளிய வல்ல.

அவ வூட்டுக்காரரு நடேசன் தறியில குந்தினு இருந்தாரு. "வாங்கக்கா"ன்னதோட சரி. அப்பால நான் கை கழுவ கெணத்தாண்ட போகசொல்ல பின்னாடியே வந்தாரு. சேந்து கயிற புடிச்சிக்கினு, என் மூஞ்சியப் பாக்காம பேசினாரு.

"நல்ல சேதி கொண்டாந்தவ வாசல்லயே சொல்லியிருப்ப."

சிரிப்பு காட்டலாம்னு வாயத் தொறந்தேன். கையத் தான் கழுவினேன்.

"சொல்லாதக்கா. தறியில முகூர்த்தச் சேல இருக்குது. தெருக்கோடி வூட்டுப் பொண்ணுக்கு. அப்பன் இல்லாத பொண்ணு அது. எழவு காதுல வுழுந்தா தறிய நிறுத்தணும். எழவுல நின்ன சேலய எந்தப் பொண்ணு கட்டுவா? கட்டினாலும் ஊரு வாழவுடுமா? காதுல வுழற வரைக்கும் தீட்டு இல்ல."

"ஒனுக்கு வுழுந்துடுச்சே தம்பி."

"நீ இன்னும் ஒண்ணும் சொல்லலியே"ன்னு ஒரு வாளி தண்ணி எறச்சி என் காலாண்ட வெச்சிட்டுப் போயிட்டாரு.

மறுநா பூரா தறியாண்டயே குந்தியிருந்தேன். காஞ்சிபுரம் சேலைக்கு ஒடம்பு வேற, கரை வேற. அதக் கோக்கறதுக்கு ரெண்டு ஆளு வேணும். நடுவுல நடேசன், பக்கத்துல குப்பம்மா. கரை நூலு சுத்தின நாடாக் கட்டய அவ தள்ளுவா, இவரு வாங்குவாரு. "இது ஆறுமுகம் குந்தின எடம். அவன் போனப்புறம் நான் குந்திக்கினேன்"னா. தறிக்கு மேலேந்து எறங்கற கயிறு தேயாம இருக்க ஒவ்வொண்ணையும் ஒரு ஓட்டக் காலணாவுல நொழைச்சி வுட்டிருந்தாங்க. வரிசையா தொங்குது, காதுல தோடு போட்ட மாதிரி. ஒரு கயித்துல மட்டும் காலணா இல்ல, இரும்பு வளையம். "அத எங்க புள்ள கழட்டிக்கினு போயிட்டான், ஊரு ஞாபகத்துக்கு"ன்னா குப்பம்மா. அந்தக் காலணா அப்ப என் பையில, எனக்கு முதுகுப் பக்கமா, ஆணியில தொங்கினு இருக்குது.

அவ ஒண்ணொண்ணா கேட்டா, நான் ஒண்ணொண்ணா சொன்னேன். பொய் ஒண்ணு கூட சொல்லல. அவன் சீனன் கடையில தவளக் கறிய கோழின்னு நெனச்சித் தின்னது. மலாய்க்காரியாண்ட 'கம்பி' கேட்டு அவ ஆட்டக் காட்டினது, அவங்க பேச்சுல ஆட்டுக்கு 'கம்பிங்'. குப்பம்மா சிரிச்சி சிரிச்சி நாடாவத் தவற வுட்டா. நடேசன் மட்டும் தலய நிமித்தல. அவரு குனிஞ்ச தலையப் பாத்துக்கினே நான் கத சொன்னேன். என் ஆயுசுக்கும் அவ்ளோ கஷ்டப்பட்டு யாரையும் சிரிக்க வெச்சதில்ல.

அடுத்த நா மழ வுடல. பட்டு இழ ஈரம் கோத்துக்கினு அறுந்து அறுந்து போச்சு. ஈரம் காயட்டும்னு கணப்புச் சட்டிய தறியாண்ட வெச்சிட்டு, குப்பம்மா உள்ளேந்து ஒரு மஞ்சத் துணி மூட்டய எடுத்தாந்தா. ஆறுமுகம் கப்பலேறின வருஷத்துலேந்து ஆடிக் கிருத்திகைக்கு ஒரு காசு, திருத்தணி முருகனுக்கு முடிஞ்சிக்கினு வர்றாளாம். புள்ள திரும்பி வந்ததும் அவன இட்டுக்கினு மல ஏறி, அவன் கையால உண்டியல்ல போடணும். அந்தந்த வருஷத்துல எது கையில இருந்துச்சோ அது.

மொறத்துல பரப்பினா. என் டப்பாவெல்லாம் ஒரு டப்பாவா? மொதல்ல வெள்ளக்கார ராஜா தல. அப்பால புலி போட்டது. அப்பால ராஜாவக் காணோம், சிங்கம் வந்துடுச்சு. காள மாடு போட்ட சதுர ரெண்டணா. வளவு வளவா ஓரம் வெட்டின பத்துக் காசு. தண்ணியில போட்டா மெதக்கற மாதிரி லேசான அலுமினியக் காசு. கடைசியில பித்தள இருவது காசு, தாமரப்பூவோட, இன்னும் பளபளப்பு போவாம. ஒரு அம்மாக்காரி காத்துக்கினு இருந்ததுல ராஜாங்கமே மாறிப் போயிருக்குது, மொறத்துல தெரியுது.

நடுவுல கெடந்துச்சு என் குதிர. செப்பு கறுத்துப் போயி, முன்னங்கால தூக்கினு, வாலு காத்துல பறக்குது. குதிரைக்குக் கண்ணு கூட இருக்குது. இவ்ளோ சின்னக் காசுல எவன் மெனக்கெட்டுக் கண்ணு வெச்சான்? நான் குனிஞ்சிக்கினே இருந்துட்டேன்.

"இன்னாக்கா, காசப் பாக்கறியா, பொண்ணு பாக்கறியா?"ன்னா குப்பம்மா.

"இத மாதிரி ஒண்ணத் தேடித் தான்மா கெழவியானேன்."

"பாத்துக்கோ. தொட்டா முருகன் கையக் கடிப்பான்"னு சொல்லி வாரி முடிஞ்சிட்டா. முடிச்ச ரெண்டு தரம் இழுத்துப் பாத்தா.

அதுக்கு அடுத்த நா எனக்கு அந்த வூட்ல மூச்சு முட்டுச்சு. கோயிலப் பாக்கறேன்னு ரிக்ஷா ஏறினேன். தெருவே கொளமா இருந்துச்சு. கொளத்துல குழி எங்கன்னு ரிக்ஷாக்காரனுக்கும் தெரியல, எனக்கும் தெரியல, சக்கரத்துக்குத் தான் தெரிஞ்சுது. இடுப்பளவு சேறோட காமாட்சியப் பாத்தேன். கோயில் இட்லின்னு ஒண்ணு குடுத்தாங்க. மொளகு, சீரகம், சுக்கு போட்டு நீட்டா வேக வெச்சி அறுத்தது. பினாங்குல இதுக்கு வரிசையில நிப்பாங்க. நான் சாப்புட்டேன், எறங்கல. சுக்கு உறைக்குதுன்னு பக்கத்துல இருந்தவளாண்ட சொல்லி கண்ணத் தொடச்சிக்கினேன்.

திரும்பி வர்றப்ப முந்தி முடியற எடத்துக்கு வந்திருந்தாங்க. நாடா மட்டும் போவுது, வருது.

மறுநா வெயில் லேசா எட்டிப் பாத்துச்சு. சேலைக்கு மஞ்ச குங்குமம் வெச்சி, சூடம் காட்டி, நடேசன் அறுத்தாரு. அரக்குச் சேல, மாம்பழக் கரை. தெருக்கோடிப் பொண்ணோட அம்மா வெறுங்காலோட ஓடியாந்து மடியில வாங்கினா. "உங்க கை ராசியான கைண்ணே"ன்னு சொல்லிட்டுப் போனா. நடேசன் வாசப்படியில நின்னு பாத்துக்கினே இருந்தாரு. அவ தெரு மொன திரும்பினா. சேல மறைஞ்சுது.

உள்ள வந்தாரு. கை காலு கழுவினாரு. தறியில குந்தாம தரையில குந்தினாரு.

"சொல்லுக்கா"ன்னாரு.

சொன்னேன். எத்தினியோ விதமா ஒத்திக பாத்து வெச்சிருந்தேன். கடைசியில "போயிட்டாம்மா"ன்னு ஒரு சொல்லு தான் வந்துச்சு. பையிலேந்து மூணையும் எடுத்து வெச்சேன். குப்பம்மா அழல. சட்டய எடுத்து மூஞ்சியில வெச்சிக்கினா. வெச்சிக்கினே இருந்தா. அப்பால எடுத்துப் பாத்தா.

"தொவச்சிட்டியாக்கா?"

"ஆமாம்மா. அழுக்கா குடுக்க வாணாம்னு சோப்புப் போட்டு, கஞ்சி போட்டு..."

"ஏங்க்கா தொவச்ச?"

சீப்ப அவ பக்கம் நவுத்தி வெச்சேன்.

அப்பால புருஷன் பக்கம் திரும்பினா. "ஒனுக்கு எப்பத்துலேந்து தெரியும்?"ன்னா.

"இப்ப தான்"னாரு.

"பொய் சொல்லாத. நாலஞ்சு நாளா தறியில நீ தலய நிமித்தல. வாயத் தொறந்து கேட்டா தறி நின்னுடும்னு தான் நானும் நாடாவத் தள்ளிக்கினே இருந்தேன்." அதுக்கு அப்பறம் தான் அழுதா. தெருவுல ஒவ்வொரு தறியா சத்தம் நின்னு, அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க வந்து குந்திக்கினாங்க.

பொழுது சாயறப்ப எல்லாரும் போனப்புறம் அந்த மஞ்சத் துணிய எடுத்தாந்து என் மடியில போட்டா.

"எடுத்துக்கோ. நீ தான் காசு சேக்கறவளாச்சே."

"இது முருகனோடதும்மா."

"நெய்யாத சேலைக்கு எவனாவது கூலி குடுப்பானா? முருகன் நெய்யல. கூலி இல்ல. நீ எம்புள்ளைக்கு சோறு போட்ட, நெத்தியில காசு வெச்சி அனுப்பின. நீ எடுத்துக்கோ."

அவ கோவத்துல நாயம் இருந்துச்சு. துணிக்குள்ள குதிர இருந்துச்சு. என் வெரலு துணி மேலயே அதத் தேடிக்கினு போறது எனக்கே தெரிஞ்சுது, வெக்கங்கெட்ட வெரலு. ஆனா என் டப்பாவுல இருக்கறதெல்லாம் எவனோ பசியாறிட்டு வெச்சிட்டுப் போன காசு. அத எடுத்துப் பாத்தா சிரிப்பு வரும். இதப் பாத்தா குதிரயா தெரியும்? குப்பம்மா கையில இருந்த சட்ட தான் தெரியும்.

"எனக்கு வாணாம்மா. என் டப்பாவுல எடமில்ல"ன்னேன். நல்லா பொய் சொல்லுவேன்னு பேரு வாங்கினவ நான். அவ நம்பல.

நடேசன் அந்தப் பக்கம் எழுந்து போயி, இரும்பு வளையத்தக் கழட்டிட்டு, புள்ள கொண்டு போன காலணாவ பழைய எடத்துல கயித்துல கோத்தாரு. தறி ஓடல. ஆனா காலணா அது எடத்துக்கு வந்துடுச்சு. குப்பம்மா பாத்துக்கினே இருந்தா.

காலையில அவ தான் பேச்ச எடுத்தா. "முருகனாண்ட புள்ளயக் கொண்டாந்து சேத்துடுன்னு தான் கேட்டேன்க்கா. எப்பிடின்னு சொல்லாம வுட்டுட்டேன். காலணா வந்துடுச்சு. அரகொறயா செஞ்சிருக்கான். அரகொற வேலைக்கும் அரக் கூலி உண்டு. எதுக்கு அவன் கடன் நமக்கு." எழவு வூட்டுக்காரங்க ஒரு வருஷத்துக்கு மல ஏறக் கூடாது. எனக்கு ஒறவு இல்ல, தீட்டு இல்ல. தல முழுகிட்டு நான் போறதா ஆச்சு.

மூட்டயக் குடுத்தா. முடிச்சுப் போடாம, சும்மா சுருட்டிக் குடுத்தா. ரெண்டு தரம் இழுத்துப் பாக்கறவ.

"முடியலியேம்மா"ன்னேன்.

"நீயே முடிஞ்சிக்கோ. வழியில ஒண்ணு ரெண்டு வுழுந்தா முருகன் கேக்க மாட்டான். குதிரைக்குக் காலு இருக்குது. ஓடிப் போனா நீ இன்னாக்கா பண்ணுவ?" அழுது வீங்கின மூஞ்சியில ஒரு பக்கமா அந்த சிரிப்பு.

திருத்தணி பஸ்ஸு அரக்கோணம் கேட்டுல நின்னுச்சு. கூட்ஸு வண்டி போவுது போவுது, முடிவே இல்ல. பஸ்ஸுல எல்லாரும் எறங்கி வேர்க்கடல வாங்கினாங்க. நான் மடியத் தொறந்து குதிரய எடுத்துப் பாத்தேன். யாரும் பாக்கல. குடுத்தவளே வுட்டுட்டா. பெருவெரலால தொடச்சேன், கறுப்பு போயி காலாண்ட கொஞ்சம் செவப்பு எட்டிப் பாத்துச்சு. கேட்டு தொறந்தாங்க. திரும்ப துணிக்குள்ள வெச்சேன்.

மலப் படி ஏறி மேல போறதுக்குள்ள முட்டி கழண்டுது. மழ மேகம் மலைய மூடிக்கினு கோபுரமே சரியா தெரியல. உண்டியலாண்ட வரிச. என் மொற வந்துச்சு. துணியப் பிரிச்சி எல்லாத்தையும் ஒரு தரம் பாத்தேன், ராஜா, புலி, காள மாடு, தாமரப்பூ. குதிரயக் கடைசியா. எல்லாம் இருக்குது. நாலு மொனையையும் சேத்து முடிஞ்சேன். ரெண்டு தரம் இழுத்துப் பாத்தேன்.

பின்னாடி ஒரு தெலுங்குக் குடும்பம். அதுல ஒர்த்தி அவ புருஷனாண்ட தெலுங்குல சொல்றா, எனக்குக் கொஞ்சம் தெரியும்: "இந்தக் கெழவி எவ்ளோ நேரமா துணியப் புடிச்சிக்கினு நிக்கறா பாரு. போட மனசு வல்ல போல."

சரியாத் தான் சொன்னா. மனசு வல்ல. போட்டுட்டேன்.